உங்கள் வாடிக்கையாளர்கள் யாருடைய போனில் இருக்கிறார்கள்?

வங்காளப் புத்தாண்டான பொய்லா பைசாக் நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வரும். மேற்கு வங்கத்தில் பெரும்பாலும் ஏப்ரல் 15. அன்று விடியற்காலையிலேயே கொல்கத்தா வியாபாரிகள் சிவப்புத் துணி அட்டை போட்ட புதுப் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு காளிகாட் கோயிலிலோ தட்சிணேஸ்வரம் கோயிலிலோ வரிசையில் நிற்பார்கள். பூஜை முடிந்து, முதல் பக்கத்தில் குங்குமத்தால் ஸ்வஸ்திகம் போட்டுக் கணக்கைத் தொடங்குவார்கள். ஹால் காத்தா என்பது அதன் பெயர். நம்மூர்ப் புதுக்கணக்கு மாதிரிதான்.

எனக்கு அந்தப் பூஜையைவிட அதற்கு முந்தைய நாட்களில் கடைக்குள் நடக்கும் வேலைதான் முக்கியமாகப் படுகிறது. முதலாளி பழைய பேரேட்டைப் புரட்டுகிறார். யார் நல்ல வாடிக்கை, யாரிடம் பாக்கி நிற்கிறது, போன வருஷம் வாங்கியவர் இந்த வருஷம் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று ஒவ்வொரு பெயராக யோசித்து அழைப்பு அனுப்புகிறார். வருகிறவர் பாக்கியை முழுதாகவோ கொஞ்சமாகவோ கட்டிவிட்டு, இனிப்புப் பெட்டியும் காலண்டரும் வாங்கிக்கொண்டு போகிறார். பழைய கணக்கு முடிகிறது, உறவு தொடர்கிறது.

தொடர்பு மேலாண்மை மென்பொருள் என்று கடையில் வந்து விற்கிறார்களே, அது செய்ய வேண்டிய வேலை இதுதான். வருஷத்துக்கு ஒருமுறை பேரேட்டைப் புரட்டிச் செய்வதை வாரா வாரம் செய்வது. யாரிடம் என்ன பேசினோம், அடுத்து எப்போது, எதற்காகப் பேச வேண்டும், யார் பேசப் போகிறார்கள் என்ற விவரம் ஒருவர் மண்டைக்குள் மட்டும் இல்லாமல் கடையின் சொத்தாக இருக்க வேண்டும். இந்த ஒன்று நடந்தால் எந்த மென்பொருளும் நல்ல மென்பொருள். நடக்காவிட்டால் எவ்வளவு காசு கொடுத்து வாங்கினாலும் அது இன்னொரு போன் புத்தகம்தான்.

இந்த யோசனை புதிதில்லை. 1987-இல் அமெரிக்காவில் 'ஆக்ட்' என்ற மென்பொருள் வந்தபோதே, பெயர் அட்டையோடு பேச்சுக் குறிப்பையும் நினைவூட்டும் தேதியையும் சேர்த்து வைப்பதுதான் அதன் வேலையாக இருந்தது. விற்பனைக்காரர்களுக்கென்றே செய்தது அது. அதற்குப் பின் வந்தவையெல்லாம் அதே எலும்புக்கூட்டின் மேல் தசை வைத்தவை.

"எங்களிடம் டாலி இருக்கிறதே, இது எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கணக்கு மென்பொருளான டாலி, ஒருவர் ரூ. 42,000 தர வேண்டும் என்று சொல்லும். அவர் போன செவ்வாய்க்கிழமை "மகள் கல்யாணம் முடியட்டும், 20-ஆம் தேதி தருகிறேன்" என்று சொன்னதை அது சொல்லாது. அந்த வாக்கை எழுதி வைக்காமல் 12-ஆம் தேதி போன் செய்து பாக்கி கேட்கிற கடைக்காரர் பணத்தையும் வாங்க மாட்டார், வாடிக்கையையும் இழப்பார். கணக்கு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். இரண்டும் வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். முதல் மாதம் எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். இருக்கிற பட்டியலைத் துப்புரவு செய்யுங்கள். அது நேற்று இன்று வளர்ந்ததில்லை. நாட்டின் முதல் செல்பேசி அழைப்பு கொல்கத்தாவிலிருந்துதான் போனது. 1995 ஜூலை 31 அன்று ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசினார். அன்றிலிருந்து முப்பது வருஷமாக எண்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு நடுத்தரக் கடைக்காரரின் போனில் ஆயிரக்கணக்கான பெயர்கள் கிடக்கும். அவற்றில் கடைக்கு வேலையுள்ளவர்கள் சில நூறு பேர். கடந்த 12 மாதத்தில் வாங்கியவர்கள், விலை கேட்டவர்கள், சரக்குக் கொடுத்தவர்கள் இவர்களை மட்டும் ஒரு எக்செல் தாளில் எடுங்கள். மற்றவர்கள் போனிலேயே இருக்கட்டும்.

கொல்கத்தாவில் இந்தத் துப்புரவுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அங்கே ஒரே குடும்பப் பெயருக்கு இரண்டு வடிவம் புழங்குகிறது: முகர்ஜி-முகோபாத்யாய், பானர்ஜி-பந்தோபாத்யாய், சாட்டர்ஜி-சட்டோபாத்யாய், கங்குலி-கங்கோபாத்யாய். பில்லில் ஒரு வடிவம், செக்கில் மற்றொன்று. ஆங்கில எழுத்துக்கூட்டலோ ஆளுக்கு ஆள் மாறும். போதாததற்கு, வங்காளிகளுக்கு வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. ஆவணத்தில் நீளமான பெயர் இருக்கும். தெருவில் எல்லோரும் அவரைக் கோகோன் என்றோ பாப்பி என்றோதான் அறிவார்கள். விளைவு, ஒரே மனிதர் பட்டியலில் மூன்று இடத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு பதிவில் பாக்கி, ஒரு பதிவில் முகவரி, ஒரு பதிவில் புகார்.

நம்மவர்களுக்குச் சிக்கல் வேறு விதம். முதற்பெயர், கடைசிப்பெயர் என்று மென்பொருள் இரண்டு கட்டம் கொடுக்கும். கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் தமிழர் ஒருவரின் தலைப்பெழுத்தை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் ஒரு பையன் முன்னால் போடுவான், இன்னொரு பையன் பின்னால் போடுவான், மூன்றாமவன் அப்பா பெயரை முழுதாக எழுதிவிடுவான்.

ஆகவே பெயரை வைத்து ஆளை அடையாளம் காணாதீர்கள். தனி ஆளுக்குச் செல்பேசி எண்தான் அடையாளம். நிறுவனத்துக்கு ஜி.எஸ்.டி. எண். அது 15 இடம் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: மேற்கு வங்கம் 19, தமிழ்நாடு 33. அடுத்த பத்து இடம் அந்த நிறுவனத்தின் பான் எண். ஈரோட்டிலிருந்து போர்வை அனுப்புபவர் கொல்கத்தாவிலும் கிடங்கு வைத்திருந்தால் இரண்டு ஜி.எஸ்.டி. எண் இருக்கும், நடுவில் உள்ள பத்து இடமும் ஒன்றாக இருப்பதைப் பார்த்ததுமே இரண்டும் ஒரே முதலாளி என்று தெரிந்துவிடும். பெயருக்கு மூன்று கட்டம் வையுங்கள்: பில்லில் போட வேண்டிய பெயர், கூப்பிடும் பெயர், அடையாளக் குறிப்பு. கொல்கத்தாவின் எஸ்ரா தெருவில் அகர்வால் என்று மட்டும் எழுதி வைத்தால் யாரைக் கண்டுபிடிப்பது? "அகர்வால், அலங்கார விளக்கு, மாடிப்படிக்கு எதிர்க்கடை" என்று இருக்க வேண்டும்.

எண்களை எல்லாம் ஒரே வடிவில் எழுதுங்கள்: +91, பிறகு இடைவெளி இல்லாமல் பத்து இலக்கம். முன்னால் பூஜ்யம் வேண்டாம். இங்கே எக்செல் செய்யும் ஒரு குறும்பு பலர் பட்டியலைக் கெடுத்திருக்கிறது. 91 சேர்த்த 12 இலக்க எண்ணை அது பெரிய தொகை என்று நினைத்து, 9.19 போன்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஆங்கில எழுத்தும் 11-உம் போட்டுச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். எண்கள் இருக்கும் நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, எண்ணைத் தட்டுவதற்கு முன்பே, 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். பெயர்கள் வங்காளத்திலோ தமிழிலோ இருந்தால் சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 வகைச் சி.எஸ்.வி. என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். முதலில் பத்துப் பேரை மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் மீதியை ஏற்றுங்கள்.

அடுத்தது, ஆள் வேறு, அமைப்பு வேறு என்பது. இதைப் புரிந்துகொள்ள குமார்டுலியைவிட நல்ல இடம் இல்லை. வட கொல்கத்தாவில் களிமண் துர்கைச் சிலைகள் செய்யும் அந்தச் சந்துகளில் பட்டறைகளின் முக்கிய வாடிக்கை பூஜா கமிட்டிகள்தான். கமிட்டி பல பத்தாண்டுகளாக இருக்கும். அதன் செயலாளர் மாறிக்கொண்டே இருப்பார். போன வருஷம் வந்து முன்பணம் கொடுத்தவர் இந்த வருஷம் கமிட்டியிலேயே இல்லாமல் போகலாம். சிலை செய்பவர் தன் போனில் அந்த ஆளின் பெயரை மட்டும் போட்டு வைத்திருந்தால், அவரைக் கூப்பிட்டதும் "நான் இப்போது பதவியில் இல்லை அண்ணா" என்ற பதிலோடு முடிந்துவிடும். கமிட்டியின் பெயரில் ஒரு பதிவு இருக்க வேண்டும். எத்தனை அடிச் சிலை, பாரம்பரிய வடிவமா புது யோசனையா, பந்தல் வாசலின் உயரம், கடைசியாகக் கொடுத்த விலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். செயலாளர், பொருளாளர், சிலையை எடுக்க லாரியோடு வருபவர் ஆகியோர் அதற்குக் கீழே தனித்தனி ஆட்களாக இருக்க வேண்டும். செயலாளர் மாறினால் ஆளை மட்டும் மாற்றினால் போதும். வரலாறு கமிட்டியோடேயே இருக்கும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் என எதற்கு விற்றாலும் இதே முறைதான். எல்லா நல்ல மென்பொருளிலும் நிறுவனத்துக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு பக்கம் உண்டு. பெரும்பாலான சிறு கடைகள் முதல் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

எந்த விவரத்தைச் சேர்ப்பது என்பதில் கஞ்சத்தனமாக இருங்கள். பில் போடும் பையன் நெரிசல் நேரத்தில் இருபது கட்டத்தை நிரப்ப மாட்டான். பெயர், எண், இடம், என்ன வாங்குவார், எப்படி நம்மிடம் வந்தார், அடுத்து என்ன, எந்தத் தேதி. இவ்வளவு போதும். பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் நகைக்கடைக்கும் கேக் கடைக்கும் தேவைப்படும். பைப் கடைக்கு எதற்கு?

பேசியதும் எழுதும் குறிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. எஸ்ரா தெருவில் விளக்குச் சாமான் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். சந்தன்நகரிலிருந்து ஒரு அலங்கார விளக்குக்காரர் போன் செய்கிறார். "பேசினேன், பார்க்கலாம் என்றார்" என்று எழுதினால் நாளைக்கு அதைப் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. இப்படி எழுதலாம்: "ஆகஸ்ட் 4. மஞ்சள் வெளிச்சம் எல்.இ.டி. ஸ்ட்ரிப் 40 ரோல் விலை கேட்டார். போன வருஷம் எடுத்ததில் 3 ரோல் பாதியில் அணைந்ததாகச் சொன்னார். மாற்றித் தர ஒப்புக்கொண்டோம். விலை வாட்ஸ்அப்பில் போயிற்று. அடுத்து: ஆகஸ்ட் 7 மதியத்துக்கு மேல் கூப்பிட வேண்டும். மாற்று ரோல் மூன்றும் அதற்குள் தயாராக இருக்க வேண்டும்." ஒரு நிமிஷத்தில் எழுதிவிடலாம். இதைப் படித்துவிட்டு முதலாளி ஊரில் இல்லாத நாளில் தம்பி கூப்பிட்டாலும், அந்த விளக்குக்காரருக்குக் கடை தன்னை மறக்கவில்லை என்று தெரியும். அந்த மூன்று ரோலைப் பற்றி நாமே முதலில் பேச்செடுத்தால் 40 ரோல் ஆர்டர் ஏறக்குறைய கைக்கு வந்த மாதிரிதான்.

"அடுத்து" என்ற வரி இல்லாமல் எந்தக் குறிப்பையும் மூடாதீர்கள். அடுத்து ஒன்றும் இல்லை என்றால் "முடிந்தது" என்றாவது எழுதுங்கள். காலையில் கடை திறந்ததும் இன்றைய தேதி போட்ட வரிகள் மட்டும் திரையில் வர வேண்டும். அவ்வளவுதான் அன்றைய வேலைப் பட்டியல்.

சில்லறைக் கடைக்கும் இது பொருந்தும். லேக் மார்க்கெட் பக்கம் காபிப் பொடி விற்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்குப் பதினைந்து நாளுக்கு அரைக் கிலோ, சிக்கரி கொஞ்சமாக, கரகரப்பாக அரைத்தது. அது பதிவில் இருந்தால் பதின்மூன்றாம் நாள் நினைவூட்டல் வரும். "பொடி அரைக்கட்டுமா மாமி?" என்று ஒரு செய்தி போனால் போதும், அந்த வீட்டார் ஆன்லைனில் தேடப் போக மாட்டார்கள்.

தேதி போடும்போது ஊரின் காலத்தையும் பாருங்கள். மென்பொருள் 30 நாள் கழித்து என்று ஒரு நினைவூட்டலைத் தானாகப் போடும்; அது துர்கா பூஜையின் அஷ்டமியில் போய் விழுந்தால் கொல்கத்தாவில் யார் போனை எடுப்பார்கள்? குமார்டுலியில் ரத யாத்திரை நாளில் சிலைச் சட்டகத்துக்குப் பூஜை போட்டு வேலை தொடங்குவது மரபு. ஆகவே பழைய கமிட்டிகளைக் கூப்பிட வேண்டிய காலம் ஜூனுக்கு முன்பே வந்துவிடுகிறது. கப்பலில் போகும் வெளிநாட்டுச் சிலைகளுக்கு இன்னும் முன்னால். சந்தன்நகர்க்காரர்களுக்குத் துர்கா பூஜைக்கு ஒரு மாதம் கழித்து வரும் ஜகத்தாத்ரி பூஜை பெரிய திருவிழா. காலேஜ் தெருப் புத்தகக் கடைகளுக்கு ஜனவரியில் தொடங்கும் பள்ளி ஆண்டும், அதே ஜனவரி இறுதியை ஒட்டி வரும் புத்தகக் கண்காட்சியும். மேட்டியாபுருஸ் தையல் பட்டறைகளுக்கு ரம்ஜானும் பூஜையும். இந்தத் தேதிகளை வருஷத் தொடக்கத்திலேயே மென்பொருளில் போட்டுவிட்டு, வாடிக்கையாளர்களுக்கு எந்தப் பருவத்தைச் சேர்ந்தவர் என்று ஒரு லேபிள் ஒட்டுங்கள். பிறகு ஒரு லேபிளைத் தட்டினால் கூப்பிட வேண்டியவர்கள் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான சிறு கடைகளில் வாடிக்கையாளர்கள் விற்பனைப் பையனின் சொந்தப் போனில் இருக்கிறார்கள். கொல்கத்தாவின் பாராபஜாரில் ஒரு கடையிலிருந்து ஒருவர் விலகி நாலு கடை தள்ளி வேலைக்குச் சேர்ந்தால் அவரோடு அந்த எண்களும் போகின்றன. அதற்காக அவர்மேல் கோபப்படுவது நியாயம் இல்லை. கடைக்கென்று ஒரு சிம் வாங்கிக் கொடுக்காதது முதலாளி. கடை எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் வையுங்கள். 2018-இல் வந்த இலவசச் செயலி அது. 'புது வாடிக்கையாளர்', 'பணம் பாக்கி' போன்ற லேபிள்கள் அதிலேயே இருக்கின்றன. போன் முதலாளியிடம் இருக்கட்டும். பையன்கள் 'இணைத்த கருவிகள்' வசதி மூலம் அதே எண்ணில் பதில் சொல்லலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண்ணைப் போட்டு, அதை முதலாளி மட்டும் வைத்திருக்க வேண்டும். மென்பொருளில் எல்லோருக்கும் சேர்க்கவும் திருத்தவும் உரிமை கொடுங்கள். அழிக்கவும் மொத்தமாகப் பதிவிறக்கவும் ஒருவருக்கு மட்டும். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்று மாலையே நிறுத்துங்கள்.

பட்டியல் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் தினமும் காலை வணக்கம் அனுப்பும் ஆசை வரும். தயவு செய்து வேண்டாம். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும். எரிச்சலில் பலர் பிளாக் செய்து புகாரும் கொடுத்தால் கடை எண்ணே முடங்கும். குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டுமானால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். இவற்றுக்கு மேல், 2023-இல் நிறைவேறிய எண்ம வழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்ட நுணுக்கம் இருக்கட்டும். கடைக்காரர் இப்போதே பழகிக்கொள்ள வேண்டியது எளிது: எண் வாங்கும்போது எதற்கென்று சொல்லி வாங்குவது, அதற்கு மட்டும் பயன்படுத்துவது, "எடுத்துவிடுங்கள்" என்றால் எடுத்துவிடுவது, பட்டியலை வேறு யாருக்கும் விற்காமல் இருப்பது. ஆதார் நகலையும் உடல்நலக் குறிப்பையும் குறிப்புக் கட்டத்தில் போட்டு வைக்கவே கூடாது.

எந்த மென்பொருள் என்பதைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம், அது கடைசியில் யோசிக்க வேண்டியது என்பதுதான். ஒருவர் மட்டும் நடத்தும் கடை என்றால் கூகுள் கான்டாக்ட்ஸும் ஒரு எக்செல் தாளும் முதல் ஆறு மாதத்துக்குப் போதும். இரட்டைப் பதிவுகளைச் சேர்த்துவிடும் வசதி கான்டாக்ட்ஸிலேயே இருக்கிறது. மூன்று நான்கு பேர் போன் எடுக்கும் கடை என்றால் தனி மென்பொருள் வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ 2020-இல் சிறு தொழில்களுக்கென்றே 'பிகின்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது; ஹப்ஸ்பாட், ஃப்ரெஷ்சேல்ஸ் என்று வேறு சிலவும் உண்டு. விலையைப் பார்க்கும்போது ஒரு ஆளுக்கு ஒரு மாதத்துக்கு என்பதைக் கடையில் உள்ள ஆட்களாலும் பன்னிரண்டாலும் பெருக்கிப் பாருங்கள். பழைய சந்தைக் கட்டடங்களின் உள்ளே சிக்னல் சரியாக வராது. ஆகவே இணையம் இல்லாதபோதும் குறிப்பு எழுத முடிகிறதா என்று கடைக்குள் நின்றே சோதியுங்கள். வங்காளத்தில் எழுதிய பெயரைத் தேடினால் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட, உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடிகிறதா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். மாதம் ஒருமுறை முழுப் பட்டியலையும் பதிவிறக்கி, மென்பொருளுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். அந்தக் கோப்பைத் திறந்து, பேச்சுக் குறிப்புகளும் "அடுத்து" தேதிகளும் வந்திருக்கின்றனவா, பெயரும் எண்ணும் மட்டும்தான் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சில மென்பொருள்கள் குறிப்புகளைத் தனிக் கோப்பாகத்தான் கொடுக்கும். அதையும் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள்.